விருந்துக்கு வந்த எஃபுவா

பலெர்மோவில் வெளிநாட்டவர் நலனில் அக்கறை கொண்டவர்களுக்குக் குறைவே இல்லை. அக்கறைக்கு உள்ளாகிற வெளிநாட்டவரைவிட அவர்களின் தொகை கூடிவிட்டதோ என்றுகூட எங்களுக்குச் சில வேளை சந்தேகம் வரும். அவர்களில் முதன்மையானவர் டொத்தொரெஸ்ஸா லவீனியா. இந்த ஊரில் பல்கலைக்கழகத்தை முடித்து வெளியே வந்த எல்லோருமே டாக்டர்கள்தான்; பெண் என்றால் டொத்தொரெஸ்ஸா. பொலிதேயாமா நாடக அரங்குக்கு அருகே ஒரு பழைய மாளிகையின் இரண்டாம் மாடியில் அவருடைய அறக்கட்டளை இருக்கிறது. பெயர் ‘ஒரே வானம்’. சுவர் முழுக்க ஆபிரிக்கக் குழந்தைகளின் சிரித்த முகங்கள். அந்த முகங்களின் மேல் படியும் தூசியை வாரத்தில் ஆறு நாள் துடைத்துவந்தவர் எஃபுவா குவான்சா. அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எஃபுவா கானா நாட்டின் கரையோரப் பட்டினமான தக்கோராடியில் பிறந்தவர். அங்கே சந்தையில் புகையில் வாட்டிய மீன் விற்றார். அந்த ஊர்ச் சந்தைகளில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு ராணி உண்டு. தக்காளிக்கு ஒருத்தி, வெங்காயத்துக்கு ஒருத்தி, மீனுக்கு ஒருத்தி. தலையில் கிரீடம் கிடையாது, தொண்டையில் குரல் உண்டு. சரக்குக் கொண்டுவருகிற லொறிக்காரன் ஒரு வியாபாரியை ஏமாற்றினால் ராணி ஒரு சொல் சொல்வாள். அன்றைக்கு யாருமே அவனிடம் ஒரு கூடைகூட இறக்க மாட்டார்கள். எஃபுவா ராணியாக இருந்ததில்லை. ராணியின் சொல்லைக் கடை கடையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. கால்களுக்கும் வாய்க்கும் நல்ல பயிற்சி.

முப்பது வயதளவில் பலெர்மோவுக்கு வந்தார். வந்தவுடன் படுக்கையில் கிடந்த ஒரு சிஞோராவை, வயதான சீமாட்டியை, பராமரிக்கும் வேலை கிடைத்தது. ஒன்பது வருடம் குளிப்பாட்டினார், ஊட்டினார், இரவில் எழுந்து புரட்டிப் படுக்கவைத்தார். “நீ எங்கள் வீட்டுப் பெண்” என்று அந்தக் குடும்பம் வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்தது. சிஞோரா இறந்த அன்று அவருடைய ஆண்பிள்ளைகள் எஃபுவாவின் தோளில் சாய்ந்து அழுதார்கள். நினைவாக அம்மாவின் கம்பளிக் கோட்டைக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலிபண்ணித் தந்தால் உதவியாக இருக்கும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். கோட்டு எஃபுவாவுக்கு அளவில்லை.

அதற்குப் பிறகுதான் துப்புரவு வேலை செய்யும் ஒரு கூட்டுறவு நிறுவனத்தில் சேர்ந்தார். ‘கூட்டுறவு’ என்ற சொல்லைக் கேட்டு நீங்கள் எதையாவது கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அதன் தலைவர் டொத்தொரெஸ்ஸாவின் தங்கையின் கணவர். அலுவலகம் அதே மாளிகையின் தரைத்தளத்தில். மேலே மனிதநேயம், கீழே துடைப்பம். நடுவில் இரண்டு மாடிப் படிகள். கூட்டுறவு எந்த இடத்தில் என்று கேட்டால், அந்தப் படிகளில்தான்.

எஃபுவாவோடு அங்கே வேலை செய்தவர்தான் எங்கள் புஸ்பராணி. போர் முடிந்தபின் வன்னியிலிருந்து வந்தவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது இத்தாலிய மொழி. அதை இருவருமே தாங்கள் வேலை செய்த வீடுகளில் காதால் பொறுக்கியதால், ‘கொண்டு வா’, ‘துடை’, ‘கழுவு’, ‘போ’ போன்றவற்றில் மட்டும் பிழையே வராது, மற்றதெல்லாம் தடுமாற்றம். எஃபுவா பேசியதை எங்களுக்குச் சொன்னவர் புஸ்பராணிதான். ஆகவே இதில் எஃபுவா வன்னித் தமிழ் கதைப்பார். தக்கோராடிக்காரர்கள் பொறுத்தருள வேண்டும்.

இந்த நட்பு எங்கள் தமிழ் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. ஆபிரிக்கர்களை எங்கள் ஆட்கள் ‘கறுவல்’ என்றுதான் சொல்வார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி எல்லார் வீட்டிலும் இருக்கிறது; யாரும் பாவிப்பதில்லை போலும்.

பிரச்சினை அமினாத்தாவிடமிருந்து தொடங்கியது. அமினாத்தா அதே கூட்டுறவில் துப்புரவு செய்த ஐவரி கோஸ்ட் நாட்டுப் பெண். இருபத்தாறு வயது, கைக்குழந்தை ஒன்று, அதிகம் பேசமாட்டாள். பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி அட்டை, அவளுக்கு முடிந்துவிட்டது. புதுப்பிக்கப் போனாள். கொன்ராற்றோவை, வேலை ஒப்பந்தத்தை, பார்த்தார்கள். அதில் வாரத்துக்குப் பத்து மணித்தியாலம் என்று இருந்தது. பத்து மணித்தியால உழைப்பில் ஒரு தாயும் பிள்ளையும் எப்படி வாழ முடியும், கோடை முடிவதற்குள் வேறு ஆதாரம் கொண்டுவா என்று அனுப்பிவிட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. பத்து மணித்தியாலத்தில் யாரும் வாழ முடியாதுதான். அதனால்தான் அமினாத்தா நாற்பது மணித்தியாலம் வேலை செய்துகொண்டிருந்தாள். மிச்ச முப்பதும் எந்தக் கடதாசியிலும் இல்லை. அந்த நேரமெல்லாம் அவள் மாப்போடு பொழுதுபோக்குக்காக அந்தப் பக்கம் வந்து நின்றதாகத்தான் சட்டம் நினைத்துக்கொண்டிருந்தது.

அமினாத்தா கழிவறைக்குள் நின்று அழுததைப் புஸ்பராணி கண்டு எஃபுவாவிடம் சொன்னார். எஃபுவா கையுறையைக் கழற்றாமலே நேரே டொத்தொரெஸ்ஸாவின் அறைக்குப் போனார்.

டொத்தொரெஸ்ஸா முழுவதையும் கேட்டார். கண் கலங்கினார். அவருக்கு இலகுவில் கண் கலங்கும். அதற்காகவே மேசையில் ஒரு பெட்டிக் கடதாசிக் கைக்குட்டை இருக்கும். “நீங்கள் எல்லாம் என் குடும்பம்” என்றார். ஆனால் கொன்ராற்றோ கூட்டுறவின் விவகாரம், அதில் தான் தலையிடுவது முறையல்ல என்றார். எஃபுவா கீழே போனார். கூட்டுறவுத் தலைவரும் மிகுந்த அனுதாபத்தோடு கேட்டார். மேலே உள்ளவர்கள் எத்தனை மணித்தியாலத்துக்கு ஒப்பந்தம் போட்டார்களோ அதைத்தான் தன்னால் எழுத முடியும், மேலே கேளுங்கள் என்றார். எஃபுவா மேலே போனார். மேலே, கீழே போகச் சொன்னார்கள். அந்தப் படிகளைத் துடைப்பவரும் அவரே என்பதால் வழி தவறவில்லை.

அந்த ஞாயிறு, தேவாலயம் முடிந்த கையோடு, பல்லரோச் சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு நைஜீரியப் பெண் நடத்தும் சிகையலங்காரக் கடையில் முதல் கூட்டம் நடந்தது. கூட்டுறவில் வேலை செய்யும் பெண்களில் முக்கால்வாசிப்பேர் வந்தார்கள். கானாக்காரர்கள் ஆரம்ப ஜெபம் செய்தார்கள். அது கூட்டத்தைவிட நீண்டது. ஐவரி கோஸ்ட் பெண்கள் முஸ்லிம்கள். அவர்கள் பொறுமையாக இருந்துவிட்டுத் தங்கள் பங்குக்கு ஒரு துஆ ஓதினார்கள். நைஜீரியாக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவி வேண்டும் என்றார்கள். தங்களில் ஒருத்தி அதற்குத் தயாராக இருப்பதாகவும் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு பெயர் வைப்பது பற்றிச் சண்டை. அதற்கடுத்த ஞாயிறு, எந்த மொழியில் பெயர் என்பது பற்றி. புஸ்பராணிக்கு இதெல்லாம் மிகவும் பழக்கமாக இருந்தது. பலெர்மோவில் எங்கள் ஆட்களுக்கு இரண்டு தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. இரண்டாவது பிறந்ததும் இப்படித்தான்.

கடைசியில் எஃபுவா எழும்பினார்.

“நாங்கள் இஞ்சை கட்சி துவங்க வரேல்லை. வேலை செய்யிற நேரத்தைக் கொன்ராற்றோவிலை எழுதச் சொல்லிக் கேக்கப்போறம். அவ்வளவுதான். அதுக்குப் பேரும் வேண்டாம், தலைவியும் வேண்டாம்.”

“கேட்டால் வேலையாலை நிப்பாட்டிப்போடுவினம்” என்றாள் ஒருத்தி.

“ஒருத்தி கேட்டால் நிப்பாட்டுவினம். எல்லாரும் கேட்டால் பிறகு ஆர் துடைக்கிறது? டொத்தொரெஸ்ஸாவோ?”

மூன்று மொழிகளிலும் ஒரே நேரத்தில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சங்கம் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அது.

யூன் மாதத்தில் ‘ஒரே வானம்’ அறக்கட்டளை வருடா வருடம் ‘மக்களின் மேசை’ என்று ஒரு விழா நடத்தும். பல்லரோவுக்குப் பின்னால் ஒரு பழைய மடத்தின் முற்றத்தில் நீளமாக மேசைகள் போட்டு, நகரப் பெரியவர்களை அழைத்து, உலக மக்கள் எல்லோரும் ஒன்று என்று பேசுவார்கள். உலக மக்களின் சமையலை உலக மக்களே காலையிலிருந்து சமைத்து, பரிமாறி, பாத்திரமும் கழுவிவிட்டுப் போக வேண்டும். இது தொண்டு, தொண்டுக்குக் கொன்ராற்றோ தேவையில்லை. அந்த வருடம் நிதி கொடுக்கும் அமைப்பிலிருந்து பெல்ஜியக்காரர் ஒருவரும் வருவதாக இருந்தது. டொத்தொரெஸ்ஸா பெண்களைக் கூப்பிட்டு, “உங்கள் உடைகளோடு வாருங்கள். நிறங்கள் வேண்டும், நிறைய நிறங்கள்!” என்றார்.

“வருவம்” என்றார் எஃபுவா.

புஸ்பராணி வழமையாக அந்த விழாவுக்கு நூறு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போவார். இந்த முறை வீட்டில் மாவே குழைக்கவில்லை. கணவர் கதிரேசுவுக்குச் சந்தேகம் வந்தது. கதிரேசு மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவர். ஊர் அரசியல், உலக அரசியல் எதுவானாலும் கருத்துச் சொல்வார். வேலை செய்யும் இடத்தில் மட்டும் வாய் திறக்கமாட்டார்.

“அந்தக் கறுவலுகளோட சேந்து கொடி பிடிக்கப் போறியோ?”

“கொடி ஒண்டும் இல்லை. போய்க் கதிரையிலை இருக்கப்போறம்.”

“இருக்கிறதுக்கும் ஒரு போராட்டமோ?”

“ஓம். நாங்கள் இவ்வளவு வருசமும் நிண்டுகொண்டெல்லோ இருந்தனாங்கள்.”

கதிரேசு உடனே தில்லையம்பலத்தாருக்குத் தொலைபேசி எடுத்தார். தில்லையம்பலத்தார் எங்கள் முதலாவது தமிழ்ச் சங்கத்தின் தலைவர். தலைவரானதிலிருந்து கோடையிலும் கோட்டைக் கழற்றாதவர். அவர் புஸ்பராணியோடு கதைத்தார்.

“பிள்ளை, இஞ்சை எங்கட சனத்துக்கு ஒரு நல்ல பேர் இருக்கு. அமைதியான ஆக்கள், சொன்னதைச் செய்யிற ஆக்கள் எண்டு. அதைக் கெடுத்துப்போடாதையும்.”

“அந்த நல்ல பேரைக் கொன்ராற்றோவிலை எழுதுவினமோ, ஐயா?” என்று புஸ்பராணி கேட்டார். தில்லையம்பலத்தார் தனக்கு வேறு அழைப்பு வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

விழா நாள் வந்தது. நல்ல வெயில். அரிசியும் கோழியும் மரக்கறியும் முதல் நாளே மடத்துச் சமையலறையில் கொண்டுவந்து இறக்கப்பட்டிருந்தன. சமையலறைக்குள் எட்டிப்பார்க்கும் வழக்கம் அறக்கட்டளையில் யாருக்கும் இல்லாததால், கோழிகள் மத்தியானம் வரை பனிக்கட்டிக்குள் நிம்மதியாகக் கிடந்தன.

பெண்கள் விருந்தினர் வரும் நேரத்துக்கே வந்தார்கள். எஃபுவா மஞ்சளும் பச்சையுமாகத் துணி கட்டி, தலையில் கோபுரம்போல் ஒரு தலைப்பாகையோடு. அமினாத்தா நீல உடையில், குழந்தையோடு. புஸ்பராணி கலியாணவீட்டுச் சேலையில். டொத்தொரெஸ்ஸா பூரித்துப்போனார். “நிறங்கள்! நிறங்கள்!” என்று கைதட்டி எல்லோரையும் படம் எடுப்பித்தார். படம் எடுத்து முடிந்ததும் பெண்கள் கலைந்துபோய், மேசைகளில் ஆங்காங்கே வெறுமையாக இருந்த கதிரைகளில் உட்கார்ந்தார்கள்.

புஸ்பராணிக்குக் கிடைத்த கதிரை தில்லையம்பலத்தாருக்குப் பக்கத்தில். அவர் தமிழ்ச் சமூகத்தின் பிரதிநிதியாக, டொத்தொரெஸ்ஸாவுக்குப் போர்த்துவதற்கு ஒரு பொன்னாடையோடு வந்திருந்தார்.

“பிள்ளை, எழும்பும். இது விருந்தாளியளுக்கு வைச்ச கதிரை.”

“ஓம் ஐயா. எல்லா மக்களையும் வரச் சொல்லித்தானே அழைப்பிலை போட்டிருக்கு. நானும் அதிலை ஒராள்.”

பேச்சுகள் தொடங்கின. மாநகரசபையிலிருந்து வந்தவர் பாலங்களைப் பற்றிப் பேசினார். பண்பாடுகளுக்கு இடையில் கட்டுகிற பாலங்கள். ஒரு பேராசிரியர் பசியை ஒரு கருத்தாக்கமாக விளக்கினார். அதற்குள் எல்லோருக்கும் அது கருத்தாக்கம் என்ற நிலையைத் தாண்டியிருந்தது. கடைசியாக டொத்தொரெஸ்ஸா ஒலிவாங்கியை எடுத்து, “இப்போது எங்கள் சகோதரிகள் தங்கள் கைகளால் எங்களுக்குப் பரிமாறுவார்கள்” என்று அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. சகோதரிகளும் சேர்ந்து கைதட்டினார்கள். ஒருவரும் எழும்பவில்லை. கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நின்றது.

டொத்தொரெஸ்ஸா எஃபுவாவின் காதருகில் குனிந்தார். “எஃபுவா, கண்ணே, சாப்பாடு எங்கே?”

“நாங்களும் அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம், டொத்தொரெஸ்ஸா” என்றார் எஃபுவா. “நல்ல பசி.”

டொத்தொரெஸ்ஸா சமையலறைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது, இரத்தம் இல்லை. அவர் இம்முறை எஃபுவாவிடம் போகவில்லை. யாரிடம் போனால் காரியம் நடக்கும் என்று தெரிந்து அமினாத்தாவிடம் போனார். தோளில் கைவைத்து, “நீ நல்ல பிள்ளை. நீ எழும்பினால் மற்றவர்களும் எழும்புவார்கள்” என்றார்.

அமினாத்தா எழும்பினாள். எஃபுவா, எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்ததாகப் பிறகு புஸ்பராணியிடம் சொன்னார். அமினாத்தா வேலையை இழந்தால் அட்டையோடு நாட்டையும் இழக்க வேண்டியவள். அவள் சமைக்கப் போனால் அவளை யார் குறைசொல்ல முடியும்?

அமினாத்தா குழந்தையைப் புஸ்பராணியிடம் கொடுத்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, அவளுக்கு அப்படியொரு குரல் இருப்பதே அன்றுதான் தெரியும், சொன்னாள்:

“நான் சமைக்கிறன், டொத்தொரெஸ்ஸா. எத்தினை மணித்தியாலம் எண்டு எழுதுவீங்கள்?”

 பெல்ஜியக்காரர் தன் பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளப் பெண்ணிடம், அந்தப் பிள்ளை என்ன கேட்கிறாள் என்று விசாரித்தார். அந்த மொழிபெயர்ப்பாளரும் ஏதோ பத்து மணித்தியாலக் கொன்ராற்றோவில் இருந்தவரோ என்னவோ, அமினாத்தா சொன்ன ஒரு வரியைக் கால் மணித்தியாலம் மொழிபெயர்த்தார். பெல்ஜியக்காரரின் புருவம் மெல்ல மெல்ல மேலே ஏறியது. நடுவில் எஃபுவா எழுந்து, மேலே கீழே படியேறிய கதையையும் சேர்த்துக்கொண்டார். கூட்டுறவுத் தலைவர் அவசரமாகக் காரை நகர்த்தவேண்டியிருக்கிறது என்று வெளியே போனார். கார் தொலைவில் நின்றதுபோலும், அவர் திரும்பவில்லை.

இதற்கிடையே தில்லையம்பலத்தாருக்கு வியர்த்தது. அவருக்கு நீரிழிவு, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். “ஆராவது ஏதாவது தாங்கோவன்” என்று அவர் சோர்ந்த குரலில் கேட்க, அறக்கட்டளையின் இளைஞர்கள் சந்தைக்கு ஓடிப்போய்ப் பெட்டி பெட்டியாகப் பனெல்லே வாங்கி வந்தார்கள். கடலைமாவில் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தருகிற மலிவான தெருச்சாப்பாடு அது. பரிமாற ஆள் இல்லாததால் டொத்தொரெஸ்ஸாவே மேசை மேசையாகக் கொண்டுபோனார். மக்களுக்குச் சேவை செய்கிறேன் என்று அவர் பல வருடமாகச் சொல்லிவந்தார். அன்று செய்தார். எஃபுவா ஒரு பனெல்லேயை எடுத்துக்கொண்டு, “உப்புக் காணாது” என்றார்.

அடுத்த நாள் உள்ளூர்ச் செய்தித்தளம் ஒன்றில் இது வந்தது. பெல்ஜியக்காரர் ஊருக்குப் போய் மரியாதையான கேள்விகள் சில கேட்டு எழுதினார். மரியாதையான கேள்விகளைப்போல ‘ஒரே வான’த்தை நடுங்கவைப்பது வேறு எதுவும் இல்லை. யூலை முடிவதற்குள் கூட்டுறவு பாதிப் பெண்களுக்குச் சரியான நேரத்தோடு புதிய கொன்ராற்றோ எழுதியது. மற்றப் பாதிப்பேருக்குப் ‘பரிசீலனையில் உள்ளது’. அமினாத்தா முதல் பாதியில் இருந்தாள். அவளுடைய பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப்பட்டது. எங்கள் இரண்டு தமிழ்ச் சங்கங்களும், அன்றைய நிகழ்வில் தமிழ்ப் பெண்ணின் பங்கேற்பு தங்கள் வழிகாட்டலிலேயே நடந்ததாகத் தனித்தனியே அறிக்கை விட்டன.

எஃபுவாவுக்கும் கூட்டுறவிலிருந்து அழைப்பு வந்தது. மறுசீரமைப்பு நடப்பதாகவும், அதில் அவருடைய இடம் மட்டும் சீராக அமையவில்லை என்றும் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்கள்.

அன்றைக்குப் பின்னேரம் புஸ்பராணி அவருடைய அறைக்குப் போனார். எஃபுவா கட்டிலில் இருந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தொரு வயது. முழங்கால் வலி. வாரநாளில் எந்த வேலையும் இல்லாத ஒரு பின்னேரம் அவருக்குப் பல வருடத்தில் அதுதான் முதல்.

“புதுக் கொன்ராற்றோ கிடைச்சவளவையிலை ஒருத்திகூட ரெலிபோன் எடுக்கேல்லை, சிஸ்டர்” என்றார்.

“பயமாக்கும், எஃபுவா.”

“தெரியும். தெரிஞ்சாலும் நோகுது.”

பிறகு அழுதார். எஃபுவா அழுததைத் தான் கண்டது அந்த ஒருமுறைதான் என்று புஸ்பராணி சொல்வார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்கள் எல்லோரும் சிகையலங்காரக் கடைக்கு வந்தார்கள், கண்ணைப் பார்க்காமல், ஆளுக்கொரு கேக்கோடு. எஃபுவா கேக்கை வெட்டிவிட்டு, ‘பரிசீலனையில் உள்ள’ பாதிப்பேருக்கு என்ன செய்யலாம் என்று கதைக்கத் தொடங்கினார்.

எஃபுவாவுக்கு அடுத்த வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? கதிரேசு. வீட்டில் யாருக்கும் சொல்லாமல், தன் உணவகத்தில் சமையற்காரரிடம், தெரிந்த ஒரு பெண் இருக்கிறார், நல்ல வேலைக்காரி என்று சொல்லிவைத்திருக்கிறார். ஓகஸ்டில் மொண்டெல்லோவில் கால் வைக்க இடமிருக்காது. உணவகங்களுக்கு எந்தக் கையும் வேண்டும். எஃபுவா வேலைக்கு வந்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் கதிரேசுவுக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டாம் நாள், தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்:

“உங்கட கொன்ராற்றோவிலை எத்தினை மணித்தியாலம் எழுதியிருக்கு?”

கதிரேசு அதுவரை பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தார். அன்று இரவு அவர் உலக அரசியல் எதுவும் கதைக்கவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் சமையலறைக்காரர்கள் எல்லோரும் ஒன்றாகப் போய் முதலாளியின் முன் நின்றார்கள்: கானா, வங்காளதேசம், துனிசியா, இரண்டு சிசிலிக்காரர்கள், எங்கள் கதிரேசு. முதலாளி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசிக்கிறார். ஆனால் இப்போது அவர் எஃபுவாவைக் கண்டால் முதலில் வணக்கம் சொல்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்த கதிரேசு சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

“உன்ர சினேகிதியாலை எனக்கு நிம்மதி இல்லை. நான் ஒண்டும் கதைக்கேல்லை. முன்னுக்கு நிண்டது மட்டும்தான்.”

“ஏன் முன்னுக்கு நிண்டனீங்கள்?” என்று புஸ்பராணி கேட்டார்.

“பின்னுக்கு இடம் இல்லை” என்றார் கதிரேசு. “எல்லாரும் வந்திட்டாங்கள்.”